மண்ணாங்கட்டி மாமாவின் குதிரைக்கார மெடல்

என் அம்மாவோடு சேர்த்து அவர்கள் வீட்டில் பிறந்தது ஐந்து பேர். முதல் மூன்றும் ஆண்பிள்ளைகள். மூன்றும் ஒரு வயது தாண்டாமல் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்விட்டன. நாலாவதாவது தங்கட்டும் என்று பிறந்த அன்றைக்கே குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி எடுத்து, எமன் காதில் விழுந்தாலும் அவன் சட்டை செய்யாதபடி மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். அவர்தான் என் தாய்மாமன். ஐந்தாவது என் அம்மா கெங்கம்மா.

அந்தப் பேர்தான் இரண்டு சண்டையிலும் அண்ணனைக் காப்பாற்றியது என்று அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

“பேரு எங்கமே காப்பாத்துச்சு? குண்டு வரசொல்லோ தரையோட தரையா பட்துகினேன். அத்தான் காப்பாத்துச்சு.”

தாத்தாவும், சின்ன வயதில் அவரோடு மாமாவும் மசூலாப் படகு வலித்தவர்கள். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நின்ற காலத்தில், அலையைத் தாண்டிப் போய் மூட்டையும் ஆளும் ஏற்றிவந்த படகுகள் அவை. துறைமுகத்துக்குச் சுவர் எழும்பிக் கப்பல் உள்ளேயே வர ஆரம்பித்ததும் மாமாவுக்குத் துடுப்பு வேலை இல்லை, கரி மூட்டை வேலைதான் கிடைத்தது. 1914-இல் பெரிய சண்டை தொடங்கிய மறு வருஷம் ராயபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் நின்ற மாமாவைப் பார்த்து ஒரு ஹவில்தார், “ஆத்துல படகு ஓட்டுவியா?” என்று கேட்டாராம். “கடல்ல வலிச்சவனுக்கு ஆறு இன்னா ஆறு?” என்றாராம் மாமா. அந்த ஒரு பதிலுக்கே சாப்பர் பட்டாளத்தில் சேர்த்துப் பெங்களூருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, படகு தள்ளுவது அந்தப் பட்டாளத்தின் வேலை.

அங்கிருந்து பஸ்ராவுக்குப் போனார். அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய ஆறு. அக்கரையில் துருக்கிக்காரன். வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் படகில் உட்காரவைத்து, துருக்கிக்காரன் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு நாள் விடியற்காலையில் மாமாவோடு துடுப்புப் பிடித்தவர்கள் நாலு பேர். சாயங்காலம் ரொட்டி வாங்க அவரோடு நின்றது ஒரே ஒருவர். இதற்கு மேல் மாமா சொன்னதில்லை. கேட்டால், “ஈச்சம்பழம் ஷோக்கா இருக்கும்” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்று பெட்டி கட்டினால், காபூல்காரனோடு இன்னொரு சண்டை வந்துவிட்டது. வெந்து கிடந்தவர்களை அப்படியே மலைக்கு இழுத்துப் போனார்கள். இரண்டையும் முடித்துக்கொண்டு மாமா வீடு வந்து சேர்ந்தபோது நான் கைக்குழந்தை. மீசை இருந்ததாம், கன்னம் இல்லையாம். பாட்டிக்கு அடையாளமே தெரியவில்லையாம்.

மெடல்கள் அவரோடு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் வந்தன. தண்டையார்பேட்டைக் கால்வாய் ஓரத்தில் மாமாவின் குடிசை. தபால்காரர் முத்திரை வைத்த சின்னப் பெட்டிகளைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிப் போனதும் தெருவே கூடிவிட்டதாம். மூன்று மெடல்கள். மூன்றின் விளிம்பிலும் மாமாவின் நம்பரும் பேரும் இங்கிலீஷில் பொறித்திருந்தன.

ஒன்று பித்தளை நிறம். இறக்கை விரித்த ஒரு பெண் அதில் நின்றிருந்தாள். பக்கத்துக் குடிசை ஞானபாக்கியம் அக்கா ராயபுரம் மாதா கோயிலுக்குப் போகிறவர். பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டு, “இது சம்மனசு, தேவதூதரு” என்று சொல்லிவிட்டார். இன்னொன்று வெள்ளி. அதில் மலைமேல் ஒரு கோட்டை. மூன்றாவதும் வெள்ளி. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் குதிரைமேல் ஒருத்தன், கையில் கத்தி, குதிரையின் காலடியில் மண்டை ஓடும் எலும்பும்.

அதைக் கையில் வாங்கிய என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அண்ணா, முனீஸ்வரன்டா! வெள்ளக்காரனுக்கும் முனி கீறான் பாரு!”

“முனியும் இல்ல, கினியும் இல்ல. அது அவங்கூரு பொம்ம.”

“பொம்மைக்கு இன்னாத்துக்குக் குதிர? மண்ட ஓட்ட மிதிச்சிகினு கீறான், பொம்மையாம்!”

மாமா சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தெருவில் எந்தப் பிள்ளை இருட்டைப் பார்த்துப் பயந்தாலும், ஜுரம் வந்து பிதற்றினாலும், “குதிரைக்காரன குடு ராஜாத்தி” என்று மாமி வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். ராத்திரி பிள்ளையின் தலைமாட்டில் தொங்கவிட்டு, காலையில் தண்ணீரில் கழுவி அந்தத் தண்ணீரைப் பிள்ளை முகத்தில் தெளிப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சம்மனசு போகும். மலைக்கோட்டையை மட்டும் யாரும் கேட்டதில்லை. “பாவம் அது, எனக்குனு கெடக்குது” என்று மாமா அதைத்தான் அடிக்கடி துடைத்துவைப்பார்.

போன மெடல் எப்போதும் திரும்பி வந்துவிடும். அந்த நம்பிக்கையில் பத்து வருஷம் ஓடியது.

எனக்குப் பன்னிரண்டு வயது. மாசி முடிந்து பங்குனி பிறந்திருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு எண்ணெய்க் கிடங்குக் கம்பெனிக்குப் புதுத் துரை வந்திருந்தார். அவரும் பஸ்ரா சண்டையில் இருந்தவர். காவல்காரர்களுக்கு மேலே ஒரு ஜமேதாரை வைக்கப் போவதாகவும், அது பழைய பட்டாளத்துக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஜமேதாருக்குக் கம்பெனிக்குள்ளேயே வீடு உண்டு. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் குழாய். மாமாவின் குடிசைக்குள் ஒவ்வொரு ஐப்பசியிலும் கால்வாய்த் தண்ணீர் முழங்கால் அளவு ஏறும். மாமி பலகை மேல் பலகை போட்டு அதன்மேல் குந்திக்கொண்டு இருமுவாள். கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த வேதமாணிக்கம் மாமாவுக்குத் தெரிந்தவர். அவர்தான் மாமாவின் பேரை நோட்டில் எழுதிவைத்தார். இரண்டு சண்டைக்கும் மெடல் வாங்கியவர் அந்த நோட்டில் மாமா ஒருத்தர்தான்.

அந்த வாரம் புதன்கிழமை என் தம்பி ஜெயவேலுக்கு ஜுரம் கண்டது. அவனுக்கு நாலு வயது. எங்கள் அப்பா எண்ணூர் உப்பளத்தில் தங்கி வேலை செய்தார், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அம்மா காசிமேட்டிலிருந்து மாமா வீட்டுக்கு ஓடிப்போய்க் குதிரைக்காரனை வாங்கிவந்து தம்பியின் தலைமாட்டில் கட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் அவன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது. அம்மை.

 அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள். தலை வாரவில்லை. அம்மை வந்த வீட்டிலிருந்து, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை, ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது. நெருப்பு, உப்பு, ஒரு குடம் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொண்டு பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் இதை மீறியவர்கள் யாரும் இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. அம்மை என்று தெரிந்தால் சுகாதார ஆபீசு வண்டி வரும். கதவு போட்ட வண்டி. பிள்ளையை ஏற்றித் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தாயை உள்ளே விடமாட்டார்கள் என்று பேச்சு. அதனால் தெருவில் பத்து வீட்டுக்குத் தெரிந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை வேதமாணிக்கம் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துடு. மூணு மெடலும் நெஞ்சுல இருக்கணும். துரை வெளிம்புல பேரு, நம்பர் எல்லாம் படிச்சுப் பாப்பாரு. மெடல வித்துத் தின்னவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. உனக்கு இன்னாப்பா, மூணும் கைல கீது.”

மாமா ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காசிமேட்டுக்கு வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கெங்கா… எப்பலேந்து?”

“வெள்ளிக்கெழமலேந்துணா. உள்ள வராத.”

“எனக்குப் பட்டாளத்துல ரெண்டு தபா அம்ம குத்தி கீறாங்க. எனக்கு வராது.”

“உனுக்கு வரும்னு சொல்லலணா. ஆத்தா வந்து குந்திகினு கீறா. வெளி ஆளு வரக் கூடாது.”

மாமா வாசலைத் தாண்டாமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.  நாளைக்குக் காலையில் துரை பார்க்கிறார், மெடல் மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஜமேதார் வேலை இல்லை என்று. அம்மா தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே என் தம்பி முனகிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் மெடல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு எட்டும் தூரம்தான். எடுத்து நீட்டினால் முடிந்தது.

“அண்ணா,” என்றாள் அம்மா.  “நீ கேட்டா நான் குட்துருவேன். உன் வேலை எனுக்குத் தெரியாதா? அண்ணி படற பாடு தெரியாதா? நீ கேளு, எட்துக் குடுக்கறேன். ஆனா நீயே கேக்கணும்.”

மாமாவுக்கு அந்தக் குதிரைக்காரன்மேல் ஒரு நம்பிக்கையும் கிடையாது. அது வெள்ளைக்காரன் ஊர் பொம்மை என்று பத்து வருஷமாகச் சொல்லிவந்தவர். அம்மன் கதையும் அவருக்குப் பாதிதான் பிடிக்கும். ஆனால் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், மெடலை எடுத்துக் கொடுத்த கையை என் அம்மா ஆயுசுக்கும் பார்த்துப் பார்த்து அழுவாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

“கேக்கலமே,” என்றார். “இருக்கட்டும். புள்ளைக்கு எளநி வாங்கியாந்து வாசல்ல வெச்சிட்டுப் போறேன்.”

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு உசேன் மாமா வந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர். பஸ்ராவில் மூட்டை தூக்கும் படையில் இருந்தவர். அங்கே பழகின தோஸ்து. அவருக்கும் அதே குதிரைக்காரன் உண்டு. ஆனால் கூலிப்படைக்கு வெள்ளி கிடையாது, வெண்கலம்தான் கொடுத்தார்கள். அதை மடியிலிருந்து எடுத்து மாமாவின் முன்னால் போட்டார்.

“எங்க மச்சான் பாத்திரத்துக்குக் கலாய் பூசறவன். அர மணி நேரத்துல ஈயம் பூசித் தந்துருவான். பளபளன்னு வெள்ளி கெட்டுது போ.”

“ஏண்டா, பேஜாரு புட்ச்சவனே, வெளிம்புல உசேன்னு பேரு கீதே, அதுக்கு மேல இன்னாத்த பூசுவ?”

“கொஞ்சம் கனமா பூசினா பேரும் மறஞ்சி பூடும்.”

“அப்போ துரை கேட்டா? பிரியாணி தேகிசாவுக்குள்ள தடவற ஈயம்னு சொல்லவா?”

மாமி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.  மாமாவின் காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுச் செம்பில் கரி போட்டுத் தேய்த்துவைத்தாள்.

திங்கட்கிழமை நடந்ததை உசேன் மாமா எங்களுக்கு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். அவரும் காவல் வேலைக்குப் பேர் கொடுத்திருந்ததால் அதே வரிசையில் கடைசியில் நின்றார். துரை ஒவ்வொருவர் மெடலையும் விரலால் திருப்பி விளிம்பைப் படித்துக்கொண்டே வந்தார். மாமாவிடம் வந்ததும் நின்றார். கோட்டையையும் சம்மனசையும் படித்துப் பார்த்தார். பிறகு, நோட்டில் மூன்று என்று எழுதியிருக்கிறதே, குதிரைக்காரன் போட்ட வெள்ளி மெடல் எங்கே என்று கேட்டார். வேதமாணிக்கம் அதைத் தமிழில் சொன்னார்.

மாமா கைகளை விறைப்பாக வைத்து நேரே பார்த்து நின்றார்.

துரை இன்னொரு தடவை கேட்டார். அந்த மெடல் எனக்கும் உண்டு, அந்த ஆற்றை நானும் தாண்டியிருக்கிறேன், எங்கே என்று சொல், இருந்தால் நாளைக்குக் கொண்டுவா என்றார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாராம். வேதமாணிக்கம் காதோரம் குனிந்து, “இன்னாப்பா, வூட்ல கீதுன்னு சொல்லேன்” என்றார்.

வீட்டில் இருக்கிறது என்றால் நாளைக்குக் கொண்டுவர வேண்டும். நாளைக்கும் முடியாது, அடுத்த வாரமும் முடியாது. ஏன் என்று கேட்டால் அம்மை என்று சொல்ல வேண்டும். துரைகளுக்கு அம்மை என்றால் அடுத்த நிமிஷம் சுகாதார ஆபீசுக்கு ஆள் போகும்.

“வித்துட்டேன், சார்,” என்றார் மாமா.

துரையின் முகம் சுருங்கிவிட்டதாம். வேதமாணிக்கத்திடம் ஏதோ சொன்னார். வேதமாணிக்கம் தயங்கித் தயங்கி நோட்டில் மாமாவின் பேருக்கு எதிரே எழுதினார். எழுதியது என்ன என்று மாமா வெளியே வந்து கேட்டபோது, “மெடலை விற்றவன்னு எழுதச் சொன்னாருப்பா” என்றார். ஜமேதார் வேலை ராமசுப்பு என்ற ஆளுக்குப் போனது. ஒரு மெடல்காரர். ஆனால் அந்த ஒன்று நெஞ்சில் இருந்தது.

மாமா செவ்வாய்க்கிழமை பழையபடி துறைமுகத்தில் கரி மூட்டை தூக்கப் போனார். அதற்குள் அங்கே செய்தி போயிருந்தது.

“இன்னா மாமு, குதிரைய ஓட்டிகினு கள்ளுக்கடைக்குப் பூட்டியாமே?”

“சம்மனசு எப்போ பறக்கப் போவுது நைனா? சொல்லு, நாங்களும் வரோம்.”

மாமாவுக்குச் செங்கல் வீடு போனது பெரிதாகப் படவில்லை. ஐப்பசி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் குடைந்தது. சாப்பிடும்போது பாதியில் கையை வைத்துக்கொண்டு, “ஆத்துல வலிச்சவன வித்தவன்னு எய்திட்டானேமே” என்பாராம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உசேன் மாமா இரண்டு தடவை கிளம்பினார். “மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் வாயத் தொறந்தீன்னா அப்பால நீ எனுக்கு தோஸ்து இல்ல” என்று மாமா அடக்கிவைத்தார்.

தம்பி பிழைத்தான். இருபது நாள் கழித்து, வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்றாம் தடவையாக அவன் தலையில் ஊற்றினாள் அம்மா. அன்றைக்கே மெடலை மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தாள். மாமா வேலைக்குப் போயிருந்தார். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலை போனதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரியும். வித்தவன் என்று எழுதியது அப்போதுதான் தெரிந்தது.

அம்மா உட்காரக்கூட இல்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டில் நின்ற ராமசுப்பு மறித்தார்.

“பொம்பளைங்களுக்கு இங்க இன்னா வேல?”

“மெடல் விக்க வந்து கீறேன். துரைய கூப்புடு.”

சத்தம் கேட்டு வேதமாணிக்கம் வந்தார். அம்மாவையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய்த் துரையை அழைத்துவந்தார். சிவந்த, உயரமான மனிதர். அம்மா மெடலை நீட்டினாள். அவர் விளிம்பைத் திருப்பிப் படித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அவன் முகம் முழுக்கக் காய்ந்து உதிர்ந்த வடு.

எல்லாவற்றையும் அம்மா சொன்னாள், வேதமாணிக்கம் அவள் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். முனீஸ்வரனைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் திணறினார். துரை மெடலைத் திருப்பி அந்தக் குதிரைக்காரனை, அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லி இருந்தா இன்னா பண்ணி இருப்பாருன்னு கேளுயா,” என்றாள் அம்மா.

வேதமாணிக்கம் கேட்டார். துரை யோசித்துவிட்டு ஒரே பேச்சில் பதில் சொன்னார். வேதமாணிக்கம் அதை மாற்றாமல் சொன்னார்: “வண்டியைத்தான் அனுப்பி இருப்பேன்னு சொல்றாரும்மா.”

“அதான்,” என்றாள் அம்மா.

வேலை போனது போனதுதான். ராமசுப்புவை நீக்க முடியாது, அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று துரை சொல்லிவிட்டார். அம்மாவும் அதைக் கேட்கவில்லை. “நோட்டுல எங்கண்ணன் பேருக்கு நேரா ஒண்ணு எய்தி கீதாமே, அத்த அடிக்கச் சொல்லு” என்றாள். நோட்டு வந்தது. துரை தன் கையாலேயே பேனாவை வாங்கி அந்த வரியின் மேல் கோடு போட்டார், பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்தும் போட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. குனிந்து பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாமா வந்து, மூன்று மெடலும் பலகைமேல் இருப்பதைப் பார்த்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அடிச்சத்த நீ பாத்தியா?”

“என் கண்ணால பாத்தேணா.”

“இன்னா மை?”

“செகப்பு.”

“செகப்பா…” என்றார் மாமா. தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் கன்னத்து வடுவை விரலால் தடவினார். “பக்கத்துல இன்னா எய்துனான்?”

“அது எனுக்கு எங்கணா தெரியும்? நீட்டா எய்துனான்.”

“நீட்டான்னா எவ்ளோ?”

அம்மா விரலால் தரையில் அளந்து காட்டினாள். மாமா தன் விரலாலும் அந்த அளவை ஒரு தடவை அளந்து பார்த்தார். மறுநாள் காலையில் மீசையை ஒதுக்கிக்கொண்டு, சட்டையில் மூன்று மெடலும் குத்திக்கொண்டு துறைமுகத்துக்குக் கரி மூட்டை தூக்கப் போனார். கேலி செய்தவர்கள் நடுவில் போய்க் குந்தி, “ஒரு பீடி குடுங்கடா” என்று கேட்டார். மூன்று பேர் ஒரே சமயத்தில் நீட்டினார்களாம்.